ரெண்டும் நானுங்க

அன்று மண்டபத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

ஒன்று, நான். நாச்சிமுத்து. மூன்று மாடு, ஒன்றரை ஏக்கர் தென்னை, ஐந்தாவது வரை படிப்பு.

இரண்டு, என் மனைவி மயிலாத்தாள். வலது காலில் கட்டோடு வந்திருந்தாள்.

மூன்று, அவள் தம்பி கிட்டுசாமி. அவனுடைய சட்டை, அவனுடைய கண்ணாடி, அவனுடைய பெயர் மூன்றும் இதில் வரும். சட்டையும் கண்ணாடியும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். (பெயரை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.)

நான்கு, மேடையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர். டாக்டர் என்றார்கள். நான் கோட்டுக்காரர் என்றே எழுதுகிறேன்.

ஐந்து, இயந்திரம் வைத்திருந்த பெண். நல்ல பெண். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மற்றது ஊர். நாற்காலி முந்நூறு போட்டிருந்தார்கள். நிற்கவும் இடமில்லை.

இனி ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எனக்குப் பேச வராது. பெண் பார்க்கப் போன அன்றுகூட, "காப்பி நல்லாருக்குங்க" என்று சொன்னதோடு சரி. "எங்கூட்டுச் செவலை இவரைவிட நாலு வார்த்தை எச்சாப் பேசும்" என்று மயிலாத்தாள் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். செவலை என்பது எங்கள் மாடு. அவள் சொல்வது சரிதான்.

எங்கள் தோட்டம் மீனாட்சிபுரத்துக்கு மேற்கே, எல்லை தாண்டிக் கேரளத்துப் பக்கம். விடிகாலை நாலரைக்குக் கறவை. அந்த நேரத்தில் நான் முழுசாக விழித்திருப்பதில்லை. நெற்றியைச் செவலையின் வயிற்றில் சாய்த்துக்கொள்வேன். வயிறு வெதுவெதுவென்று இருக்கும். உள்ளே யாரோ சாமான் நகர்த்துவது போலச் சத்தம் கேட்கும். கை தன்னால் கறக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து பனை ஓலைகளை உரசிவிட்டுக் கிழக்கே போகும். வாசல் விளக்கு பனியில் கரைந்து, ஆரஞ்சு மிட்டாய் மாதிரி நிற்கும். பாதி தூக்கம், பாதி பால்.

அந்தப் பாதித் தூக்கத்துக்குள் தினமும் ஒரு குரல் வரும்.

மயிலாத்தாள் அடுப்படியில் டிவியைப் போட்டுவிட்டுத்தான் சாணி அள்ள வருவாள். அந்த நேரத்தில் ஒரு சேனலில் பொடி விளம்பரம். விளம்பரம் என்று சொல்ல மாட்டார்கள். நிகழ்ச்சி என்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தது போன்ற ஒரு குரல். "சர்க்கரை ஒரு நோயே இல்லை. நீங்கள் சாப்பிடும் மாத்திரைதான் நோய். நாற்பத்தெட்டே நாள். எங்கள் பொடி. அப்புறம் தாராளமாக லட்டு சாப்பிடுங்கள்."

ஒருநாள் கறந்துகொண்டே நான் லட்டைக் கனவு கண்டேன். பனை மரத்தில் குலைகுலையாகத் தொங்கியது. எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. லட்டும் பிடிக்காது. அப்படியும் கண்டேன். அந்தக் குரல் அப்படி.

மயிலாத்தாளுக்குச் சர்க்கரை எட்டு வருசமாக. அரசு ஆஸ்பத்திரி மாத்திரை. அவளுடைய அக்காளுக்கும் சர்க்கரை. அந்த அக்காளுக்குக் காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அது இவள் மனதில் அப்படியே நின்றுவிட்டது. "அவளும் மாத்தரை தின்னவதானுங்களே?" என்பாள். அக்காள் மாத்திரையைத் தீபாவளி, பொங்கல் மாதிரி எப்போதாவது சாப்பிட்டவள். அது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

ஒரு காலையில் வாளியோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, நாளையிலிருந்து மாத்தரை வேண்டாம்னு இருக்கறேன்."

"ம்."

"பொடிக்குப் போன் பண்ணிச் சொல்லியாச்சுங்க."

"ம்."

அந்த இரண்டு 'ம்'முக்குத்தான் மீதி எல்லாம்.

பொடி வந்தது. பச்சை டப்பா. மூடியைத் திறந்தால் பழைய சாக்கு வாசம். இரண்டு மாதம் சாப்பிட்டாள். மெலிந்தாள். "பாருங்க, ஒடம்பு லேசாயிருச்சு" என்றாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். "உள்ளிருக்கற சூடு போகுதுங்க" என்றாள். ஒவ்வொன்றுக்கும் அந்தக் குரல் காரணம் சொல்லிவைத்திருந்தது.

அதற்குள் செவலை அவள் காலை மிதித்துவிட்டது. வலது கால் சுண்டு விரல். சின்னக் காயம். சின்னக் காயம் ஆறவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. விரல் நாவல்பழ நிறத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். வர மாட்டேன் என்றாள். "போனா வெரலை எடுத்துருவாங்க." மறுபடி ஒரு தடவை கேட்டேன். அழுதாள். அதற்கு மேல் எனக்குப் பேசத் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் குரலுக்குச் சொந்தக்காரர் எங்கள் ஊருக்கே வந்தார்.

அது ஆடி மாதம். ஆடியில் எங்கள் பக்கம் கல்யாணம் இல்லை. மண்டபங்கள் எல்லாம் சும்மா கிடக்கும். இப்படி ஆட்கள் அப்போதுதான் மண்டபம் பிடிப்பார்கள். இலவச முகாம். ஒரு இயந்திரம் இருக்கிறதாம். கையில் ஒரு பித்தளைத் தடியைப் பிடித்தால் போதுமாம். ஒரு நிமிசத்தில் உடம்பில் உள்ள எல்லா நோயையும் காகிதத்தில் அடித்துக் கொடுத்துவிடுமாம். ரத்தம் வேண்டாம். ஊசி வேண்டாம். மதியம் சாமைப் பொங்கல் உண்டு.

இயந்திரம் என்றதும் எனக்குத் தைரியம் வந்தது. அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் பால் சங்கத்தில் ஒரு வழக்கம். பாலை ஊற்றியதும் கொழுப்பு எவ்வளவு என்று இயந்திரம் எண் காட்டும். அந்த எண் மேல் சந்தேகம் வந்தால் யாரும் சண்டை போட மாட்டோம். ஒரே மாட்டுப் பாலை இரண்டு கேனில் பிரித்து, இரண்டு பேர் பெயரில் ஊற்றுவோம். இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் இயந்திரம் யோக்கியம். வேறு வேறு வந்தால் இல்லை. ஒருமுறை நானே செய்தேன். செவலையின் பால். என் பெயரில் மூன்று புள்ளி எட்டு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெயரில் நாலு புள்ளி நாலு. இரண்டு சீட்டையும் செயலாளர் மேசையில் வைத்தேன். அவர் முகம் தயிர் மாதிரி உறைந்தது. மறுநாள் மெக்கானிக் வந்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

வாழ்க்கையில் நான் ஜெயித்தது அந்த ஒரு தடவை. எனக்குத் தெரிந்த வித்தையும் அது ஒன்றுதான். மனுசனுக்கும் அது செல்லும் என்று நினைத்தேன்.

கிட்டுசாமியிடம் போனேன். வேன் கழுவிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, உன்ர பேரு வேணும்."

"எதுக்குங் மச்சான்?"

"ஒரு நாளைக்கு."

"வண்டி வாடகைக்குக் கேப்பாங்க. பேரை வாடகைக்குக் கேக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

விசயத்தைச் சொன்னேன். காலையில் என் பெயரில் ஒரு தடவை தடியைப் பிடிப்பது. மதியம் அவன் பெயரில், அவன் சட்டையில் இன்னொரு தடவை. இரண்டு காகிதத்தையும் எல்லார் முன்னாலும் மயிலாத்தாளிடம் காட்டுவது. இயந்திரம் பொய் என்றால் பொடியும் பொய். அவள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள்.

கிட்டுசாமி வேன் சக்கரத்தில் இன்னொரு வாளித் தண்ணீரை ஊற்றினான்.

"காட்டுனாப் பத்தாதுங் மச்சான். பேசோணும்."

"பேசறேன்."

"நீங்க?"

"ம்."

"போச்சு" என்றான்.

ஒரு வாரம் பழகினேன். கறக்கும்போது செவலையிடம் சொல்லிப் பார்ப்பேன். "இந்த ரெண்டு காயிதமும் ஒரே ஆளோடதுங்க. ஒரே ஆளுக்கு ரெண்டு மாதிரிக் காட்டற மிசினை நம்பி யாரும் மாத்தரையை நிறுத்தாதீங்க." செவலை அசை போட்டுக்கொண்டே கேட்கும். அதற்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

முகாம் நாள். ஆடிக் காற்று மண்டபத்துப் பந்தல் துணியை ஊதி ஊதி இறக்கியது. கூரை மூச்சு விடுவது போல இருந்தது. உள்ளே ஊதுவத்திப் புகை. புல்லாங்குழல் பாட்டு, மெதுவாக. கிழவர்கள் பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். எனக்கும் கண் சொருகியது. அந்தக் குரல் மைக்கில் வந்ததும் என் கை மடியைத் தேடியது. (பழக்கம். அந்தக் குரல் கேட்டால் கறக்க வேண்டும்.)

முதலில் மயிலாத்தாள் தடியைப் பிடித்தாள். அடுத்து நான். இயந்திரத்துப் பெண் பொத்தானைத் தட்டினாள். ஒரு நிமிசம். இரண்டு பக்கக் காகிதம் வந்தது.

எனக்குப் பதினெட்டு நோய்.

ஐம்பத்தெட்டு வயதுவரை காய்ச்சல் தவிர ஒன்றும் அறியேன். ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். குடல் சோர்வு. கல்லீரல் சூடு. நரம்புத் தளர்ச்சி. பதினொன்றாவதில் நின்றேன்.

பதினொன்று: கருப்பை பலவீனம்.

மறுபடி படித்தேன். அதேதான். எனக்கு முன்னால் மயிலாத்தாள் பிடித்த தடி. அந்தப் பெண் இயந்திரத்தில் ஆணா பெண்ணா என்று மாற்றவில்லை போல.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி போதும். அப்போதே எழுந்து நின்று அதைப் படித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். இரண்டாவது கேனே வேண்டாம். ஆனால் சுற்றிலும் பெண்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"என்னன்னு போட்டிருக்குதுங்க?" என்றாள் மயிலாத்தாள்.

"ஒண்ணுமில்ல."

காகிதம் வாங்கியவர்களுக்கு எல்லாம் ஆளுக்கு ஒரு சின்னக் கப்பில் கஷாயம் கொடுத்தார்கள். கறுப்பாக இருந்தது. எருக்குழி வாசம். நான் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"குடிக்கலீங்களா?"

"வேண்டாம்."

"வீணாப் போகக்கூடாதுங்க" என்று என் கப்பையும் வாங்கி அவளே குடித்துவிட்டாள்.

அதை வேறு யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் அவளைக் கோட்டுக்காரரிடம் கூட்டிப் போனார்கள். கட்டை அவிழ்த்துக் காட்டினாள். அவர் கிட்டே வரவில்லை. இரண்டு அடி தள்ளி நின்றே சொன்னார்.

"அம்மா, இது புண் இல்லை. கழிவு. உள்ளே இருந்த விஷம் வெளியேற வழி கண்டுபிடிச்சிருக்கு. நல்ல அறிகுறி. இன்னும் ஒரு மண்டலம் பொடியைத் தொடருங்க."

மயிலாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோசம். கைகூப்பினாள். நான் அந்த விரலைப் பார்த்தேன். நுனி கறுத்திருந்தது.

மதியப் பொங்கல் முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் போய்க் கிட்டுசாமியின் சட்டையை மாட்டினேன். ரோஸ் நிறம், பூப் போட்டது. தலையில் துண்டைக் கட்டினேன். அவன் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான்.

போட்டதும் உலகம் தண்ணீருக்குள் போய்விட்டது. குழல் விளக்குகள் எல்லாம் நெளிந்தன. ஆட்கள் மீன் மாதிரி மெதுவாக நகர்ந்தார்கள். எங்கள் அணைக்கட்டில் சின்ன வயதில் முங்கிக் கண் திறந்து பார்ப்பேன். அப்படியே இருந்தது. பயம்கூட இல்லை. நீந்திப் போய் வரிசையில் நின்றேன்.

"பேரு?" என்றாள் இயந்திரத்துப் பெண்.

"கிட்டுசாமிங்க."

"வயசு?"

அவன் வயதைக் கேட்டுவைக்க மறந்துவிட்டேன்.

"நாப்பது."

அவள் என்னைப் பார்த்தாள். அவள் முகம் எனக்கு ஒரு வெள்ளைப் பூசணியாகத் தெரிந்தது. "சரி" என்றாள். தடியைக் கொடுத்தாள்.

காகிதம் வந்தது. நாலே நோய்.

காலையில் பதினெட்டு. மதியம் நாலு. ஒரே பால், இரண்டு கேன். பால் சங்கத்து மேசை கண்ணுக்கு முன்னால் வந்தது. 

மேடையில் கோட்டுக்காரர் கேட்டார். "யாருக்காவது சந்தேகம் இருந்தா மேடைக்கே வரலாம். நாங்க எதையும் மறைக்கிறதில்லை."

இப்படிக் கேட்டால் எங்கேயும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் போல. நான் எழுந்தேன். மேடைக்கு மூன்று படி. கண்ணாடியில் இரண்டுதான் தெரிந்தது. மூன்றாவதில் தட்டி முட்டி போட்டு விழுந்தேன். மேடையைக் கும்பிட்டுவிட்டு ஏறினேன் என்று ஊர் நினைத்தது. கை தட்டினார்கள்.

மைக்கைக் கொடுத்தார். துண்டை அவிழ்த்தேன். கண்ணாடியைக் கழற்றினேன். முந்நூறு முகமும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதுதான் தப்பு. ஒரு வாரமாகச் செவலையிடம் சொன்ன பேச்சு அத்தனையும் போய்விட்டது. வாய் திறந்தது. மூன்று நாள் முன்னால் செத்த ஆள் பேசுவது போல ஒரு சத்தம் வந்தது.

"ரெண்டும் நானுங்க."

இரண்டு காகிதத்தையும் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். பெயரைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் தயிர் மாதிரி உறைந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கூட்டத்தில் மயிலாத்தாளைத் தேடினேன்.

அதற்குள் தயிர் உருகிவிட்டது. காகிதத்தில் அடித்திருந்த நேரத்தைப் பார்த்துவிட்டார். புன்னகை வந்தது.

"ஐயா, காலையில டெஸ்ட் எடுத்தது நீங்கதானே?"

"ஆமாங்க."

"பதினெட்டுக் கோளாறு?"

"ஆமாங்க."

"உடனே நம்ம கஷாயம் ஒரு கப் கொடுத்தாங்களா?"

"ஆமாங்க."

கொடுத்தார்கள். உண்மைதான். குடித்தாயா என்று அவர் கேட்கவே இல்லை.

"இப்ப எத்தனை? நாலு! நாலு மணி நேரம்கூட ஆகலை, அன்பர்களே! இந்த ஐயா நம்மை நம்பலை. வேற பேர்ல, வேற சட்டையில வந்து சோதிச்சுப் பார்த்திருக்கார். இதைவிட நேர்மையான சாட்சி உலகத்துல உண்டா?"

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல். பந்தல் துணி ஒரு முறை பெரிதாக மூச்சு விட்டது. யாரோ விசிலடித்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கையில் இரண்டு பச்சை டப்பா கொடுத்தார்கள். கோட்டுக்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார். நல்ல சென்ட் வாசம்.

கேனில் இருக்கும் பாலுக்கு நடுவில் யாரும் கஷாயம் கொடுப்பதில்லை. அதை நான் யோசிக்கவில்லை.

"நான் குடிக்கலீங்க" என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். மைக் அவர் கையில் இருந்தது. கீழே டப்பா வாங்க வரிசை மண்டபத்தைத் தாண்டி வாசல் வரைக்கும் போய்விட்டது. எங்கள் பால் சங்கச் செயலாளர் முன்னால் நின்றார்.

மயிலாத்தாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. கை தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேனில் மூன்று பேரும் வந்தோம். கிட்டுசாமி என்னைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக ஓட்டினான். பொன்னாடை காற்றில் படபடத்தது. சாலை ஓரப் பனைகள் ஒவ்வொன்றாக வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. யாரும் பேசவில்லை. எனக்கு அது பழக்கம். அவர்கள் இருவருக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டினாள்.

"காலையில வாங்குன காயிதத்தைக் குடுங்க."

கொடுத்தேன். வாசல்படியில் உட்கார்ந்து படித்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள். வேகமாகப் படிப்பாள். பதினொன்றாவதில் நின்றாள்.

"ஏனுங்க."

"ம்."

"உங்களுக்குக் கருப்பை பலவீனமாமுங்க."

"ம்."

"இதுக்குத்தான் ஒண்ணுமில்லைன்னீங்களா?"

"ம்."

முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிப்பு. வாயைப் பொத்தினாள். நிற்கவில்லை. கிட்டுசாமி காகிதத்தைப் பிடுங்கிப் படித்தான். தரையில் உட்கார்ந்துவிட்டான். "அய்யோ மச்சான்! இதை மைக்குல படிச்சிருந்தா அந்தாளு கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு ஓடியிருப்பானுங்களே!" இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். இரண்டு மாதமாக அந்த வீட்டில் சிரிப்புச் சத்தமே இல்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவள் சிரிப்பு மெல்ல நின்றது.

"உங்க கப்பையும் நான்தானே குடிச்சேன்" என்றாள்.

"ம்."

"ஒரு சொட்டுக்கூட நீங்க குடிக்கலை."

"இல்ல."

"அப்பறம் எப்படிங்க பதினாலு நோவு போச்சு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் தடவையாக, சொல்லாததே சரியாக இருந்தது.

காலைத் தூக்கி மடியில் வைத்து விரலைப் பார்த்தாள்.  வெயில் சாய்ந்து, முற்றம் முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. செவலை ஒரு தடவை கத்தியது.

"தம்பி, வேனைத் திருப்பு" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

அன்று அவளுக்குச் சர்க்கரை முந்நூற்று எண்பத்தாறு. இன்னும் பத்து நாள் கழித்து வந்திருந்தால் விரல் இல்லை என்றார் டாக்டர். இந்த டாக்டர் கிட்டே வந்து, குனிந்து, விரலைத் தொட்டுப் பார்த்தார். பன்னிரண்டு நாள் படுக்கை. ஊசி. விரல் தங்கியது. நகம் மட்டும் கோணலாக முளைத்தது.

வீட்டில் ஜெயித்தேன். வெளியே நாறிவிட்டேன்.

அவளைக் கூட்டி வந்த மறுநாள் காலை. நெற்றி செவலையின் வயிற்றில். பாதித் தூக்கம். பக்கத்து வீட்டு டிவியில் அதே குரல். "நேர்மையான சாட்சி." அடுத்து இன்னொரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

"ஆமாங்க. ஆமாங்க. ஆமாங்க."

கனவு என்றுதான் நினைத்தேன். செவலை கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் வாய் திறக்கவில்லை. பின்னே யார் பேசுகிறது என்று அதற்குக் குழப்பம்.

அந்த வாரமே சோதனைச் சாவடிப் பக்கத்தில் பேனர் வைத்தார்கள். இரண்டு ஆள் உயரம். துண்டும் கண்ணாடியும் ரோஸ் சட்டையுமாக என் முகம். கீழே பெரிய எழுத்தில்: 'பதினெட்டு நோயிலிருந்து மீண்ட திரு. கிட்டுசாமி.'

கிட்டுசாமி அதன் கீழே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தான்.

"மூஞ்சி உங்களுது. நோவு உங்களுது. பேரு மட்டும் என்னுது. பொண்ணுக்கு வரன் பாக்கற நேரமுங் மச்சான்! அப்பனுக்குப் பதினெட்டு நோவுன்னு எல்லையில எழுதி வெச்சிருக்கானுங்களே!"

நான் அன்று முதல் முறையாக, கூப்பிடாமலே ஒவ்வொரு வீடாகப் போனேன். என்னைப் பார்த்து டப்பா வாங்கியவர்கள் வீடு. வாசலில் நின்று ஒரே வரி சொன்னேன். "நான் அந்தத் தண்ணியைக் குடிக்கலீங்க. மாத்தரையை நிறுத்தாதீங்க."

சிலர் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். பால் சங்கச் செயலாளர் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"குடிக்காமயே பதினாலு போச்சா? அப்ப வாசத்துக்கே இத்தனை சக்தி!"

மேலும் இரண்டு டப்பா வாங்கிவிட்டார்.

கடைசியில் நானும் மயிலாத்தாளும் பாலக்காட்டில் அந்த மாதிரிப் புகார் வாங்கும் ஆபீசுக்குப் போனோம். உயரமான ஒரு அதிகாரி. காகிதத்தை வாங்கினார். என்னைப் பார்த்தார். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்.

"இது நிங்ஙளல்லே? பரஸ்யத்தில உள்ள ஆளு?"

பரஸ்யம் என்றால் அவர்கள் பாசையில் விளம்பரம்.

"ஆமாங்க" என்றேன். (அந்த வார்த்தையை விட்டு ஒழியவே முடியவில்லை.)

"அதில பேரு கிட்டுசாமி. இதில நாச்சிமுத்து. ஏதாணு சரி?"

"ரெண்டும் நானுங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். புகார் கொடுக்க வந்தவனா, பிடிக்க வேண்டியவனா என்று அவருக்குத் தெரியவில்லை. மயிலாத்தாள்தான் முன்னால் வந்தாள். பொடி, விரல், கப்பு, சட்டை, கண்ணாடி எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பதினொன்றாவது வரியையும் காட்டினாள். அந்த அதிகாரி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "சேட்டா, நிங்ஙள் இத்தனை கஷ்டப்பட்டிருக்க வேண்டாம். மிசின் பொய்யுன்னு சாட்சி ஒண்ணும் வேண்டா. சர்க்கரையைச் சுகமாக்கித் தருவேன்னு பரஸ்யம் கொடுக்கறதே குற்றமாணு. நியமம் உண்டு. அந்த நோட்டீஸ் ஒண்ணைக் கொண்டுவந்து தந்தா மதி, போதும்."

சர்க்கரை போகும் என்று முகாமுக்காக ஊரெல்லாம் ஒட்டிய நோட்டீசு. அது எங்கள் மாட்டுக் கொட்டகைச் சுவரில் இரண்டு மாதமாக ஒட்டியிருந்தது.

பேனரை இறக்கினார்கள். சாவடிப் பக்கத்துத் தோட்டக்காரர் அதை வாங்கி வைக்கோல் போருக்குப் போர்த்திவிட்டார். மழைக்காலம் முழுக்க வைக்கோல் மேல் நான் மல்லாந்து கிடந்தேன். டிவியில் நிகழ்ச்சி நின்றது. கொஞ்ச நாள் கழித்து மூட்டுவலிக்கு ஒரு எண்ணெய் வந்தது. டப்பா வேறு. குரல் அதேதான். மயிலாத்தாள் காது கொடுத்துக் கேட்டாள். இரண்டு நாளில் அந்த ஆபீசுக்கு ஒரு நோட்டீஸ் தபாலில் போயிற்று.

கிட்டுசாமி மகளுக்கு நல்ல இடத்தில் முடிந்தது. கல்யாணப் பந்தியில், சம்பந்திமார் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். சாம்பார் வாளியோடு வந்து என் காதருகில் குனிந்தான். மெதுவாகச் சொல்வது போலக் குனிந்து, சத்தமாகக் கேட்டான்.

"மச்சான், கருப்பை சவுக்கியங்களா?"

பெண்கள் பந்தி முழுக்கச் சிரித்தது. மயிலாத்தாள் எல்லாருக்கும் முன்னால் சிரித்தாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றேன். இப்போது ஊர்ப் பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

காலையில் இப்போது அடுப்படியில் டிவி இல்லை. பாலும் காற்றும்தான். நெற்றியைச் செவலையின் வயிற்றில் சாய்த்திருப்பேன். மயிலாத்தாள் உள்ளே சர்க்கரை பார்க்கும் சின்னப் பெட்டியைத் திறந்து விரலைக் குத்தி, ஒரு சொட்டை வைப்பாள். எண்ணைச் சத்தமாகச் சொல்வாள். சொல்ல வேண்டும் என்று நான் கேட்டது இல்லை. அவளாகச் சொல்வாள். பாதித் தூக்கத்தில் எனக்கு அது கேட்கும்.

இன்று காலை, வெறும் வயிற்றில்: நூற்று இருபத்து நாலு.